வெந்நீர் தராத சலவை இயந்திரம்

ஆடை வெளுப்பதில் நெருப்புக்கு உள்ள பங்கு தமிழருக்குப் புதியதன்று. உவர்மண் கரைத்த நீரில் துணிகளை நனைத்து, வெள்ளாவிப் பானையின்மேல் அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவிட்டு, விடிந்ததும் துறைக்கு எடுத்துச் சென்று வெளுத்த தலைமுறை மறைந்து நெடுங்காலம் ஆகிவிடவில்லை. கல்லில் அடித்தது அழுக்கை வெளியேற்றியது. அதற்கு முன்னர் அழுக்கைத் தளர்த்திக் கொடுத்தது வெள்ளாவி. இன்று வீட்டின் மூலையில் நிற்கும் சலவை இயந்திரம் இவ்விரண்டு வேலைகளையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிக்கொண்டுள்ளது. சுழலும் உருளை கல்லின் இடத்தைப் பெற்றது. உருளைக்கு அடியில் கண்ணிற் படாது கிடக்கும் மின்வெப்பச் சுருள் வெள்ளாவியின் இடத்தைப் பெற்றது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வெள்ளாவி அணைந்தால் அதனை மூட்டியவருக்கு உடனே தெரியும். இயந்திரத்தின் வெப்பச் சுருள் அணைந்தால் பல வேளைகளில் ஒருவருக்கும் தெரிவதில்லை. தண்ணீர் நிரம்புகிறது, உருளை சுழல்கிறது, அலசல் நடக்கிறது, முடிவில் மணியும் ஒலிக்கிறது. துணியை எடுத்து முகர்ந்து பார்க்கும் பாட்டியே முதன்முதலில் ஐயுறுகிறார். குழந்தையின் அணையாடையில் ஒரு மணம் தங்கிவிடுகிறது. தலையணையுறையில் எண்ணெய்ப்பிடிப்பு நீங்குவதில்லை. சவர்க்காரத்தை மாற்றுகிறார்கள், அளவைக் கூட்டுகிறார்கள், வாரங்கள் கழிகின்றன.

இது மணத்தோடு நின்றுவிடும் சங்கதியன்று. படுக்கைத் துணியில் வாழ்ந்து இழுப்பு நோயாளரை வருத்தும் தூசுச் சிற்றுண்ணிகள் 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் மடிந்துவிடும். குளிர்நீரில் அவற்றுட் பெரும்பாலானவை தப்பிவிடும். மருத்துவமனைத் துணிகளுக்கு இங்கிலாந்தில் விதிக்கப்பட்டுள்ள அளவு 65 பாகையில் குறைந்தது 10 நிமிடம், அல்லது 71 பாகையில் குறைந்தது 3 நிமிடம் என்பதாகும். அந்நாட்டின் டி மொன்ட்போட் பல்கலைக்கழகத்தார் ஆறு வகை வீட்டுச் சலவை இயந்திரங்களைச் சோதித்து 2025 இல் வெளியிட்ட ஆய்வில், விரைவுத் திட்டத்தில் அவற்றுட் பாதி துணியிலுள்ள நுண்ணுயிர்களைப் போதிய அளவில் ஒழிக்கவில்லை என்றும், வழமையான திட்டத்திற்கூட மூன்றிலொரு பங்கு தவறின என்றும் கண்டனர். பழுதில்லாத இயந்திரங்களின் நிலையே இதுவாயின், சுருள் அணைந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

பழுதைக் கண்டறிவதற்குமுன், வெப்பம் எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். முன்பக்கம் கதவுள்ள இயந்திரத்தில், துணி கிடந்து சுழலும் துளையுள்ள உருளை ஒன்றும், அதனைச் சூழ்ந்து நீரைத் தாங்கும் தொட்டி ஒன்றும் உள்ளன. உருளைக்கும் தொட்டிக்கும் இடையே, அடியில், வளைந்த உலோகக் குழாய் ஒன்று கிடையாகக் கிடக்கும். தண்ணீர் சுடவைக்கும் மின் கேத்தலின் சுருளுக்கு இது உடன்பிறப்பு. குழாயின் நடுவே ஓடும் மெல்லிய கம்பியில் மின்னோட்டம் பாய்ந்து வெப்பத்தை எழுப்புகிறது. கம்பியைச் சூழ இறுக்கி நிரப்பிய மகனீசியம் ஒட்சைட்டுத் தூள் வெப்பத்தை வெளியே விட்டு, மின்னை உள்ளேயே மறித்துக்கொள்கிறது. இத்தூளின் பெயரை நினைவில் வைத்திருத்தல் நன்று. அது பின்னர் மீண்டும் வரும்.

சுருள் தன் எண்ணப்படி எரிவதில்லை. தொட்டியில் நீர் போதிய அளவு உள்ளதென அமுக்க ஆளி தெரிவிக்க வேண்டும். நீர் இன்னும் குளிர்ந்திருக்கிறதென வெப்பமுணரி சொல்ல வேண்டும். இவ்விரு சாட்சியங்களையும் ஏற்றுக் கட்டுப்பாட்டுப் பலகை தனது சிறிய றிலே ஆளியை மூட வேண்டும். அதன் பின்னரே 230 வோற்று மின்னழுத்தம் சுருளைச் சென்றடையும். ஆகவே வெந்நீர் வரவில்லை என்றதும் சுருள்மீது பழி போடுவது, நால்வர் கூடிச் செய்யும் வேலை கெட்டதற்கு ஒருவனை மட்டும் ஏசுவது போலாகும்.

கணக்கு ஒன்றும் இங்கே உதவும். வீட்டு இயந்திரங்களின் சுருள் பெரும்பாலும் 2000 உவாற்று அளவினது. 12 லீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த, ஏறத்தாழ 1600 கிலோயூல் வெப்பம் தேவை. 2000 உவாற்றுச் சுருள் இதனைத் தருவதற்கு ஏறத்தாழ 13 நிமிடம் செல்லும். துணியும் தொட்டியும் குடிக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் கால்மணி முதல் இருபது நிமிடம் என்று கொள்ளலாம். இந்தக் கால்மணி நேரமே நோயறியும் வேளை.

பழுது பார்க்கும் அனுபவசாலி உடனே திருகாணியைக் கையில் எடுப்பதில்லை. "தம்பி, மெசின் சுத்துது, ஆனால் தண்ணி சுடேல்லை" என்று வீட்டுக்காரி முறையிட்டால், "அக்கா, முதலிலை ஒண்டையும் கழட்ட வேண்டாம். சூட்டை எத்தினை பாகையிலை வைச்சனீங்கள்?" என்றே அவர் கேட்பார். இக்கேள்வியோடு தீர்ந்துவிடும் முறைப்பாடுகள் பல. விரைவுத் திட்டங்கள் சில 30 பாகைக்கு மேற் செல்வதில்லை. சிக்கனத் திட்டமோ, முகப்பில் 60 என்று எழுதியிருந்தாலும், நீரைக் குறைவாகச் சுடவைத்து நெடுநேரம் ஊறவிடுவதாக அமைந்திருக்கலாம். மேற்புறம் மூடியுள்ள இயந்திரங்கள் பலவற்றில் வெப்பச் சுருளே கிடையாது. இல்லாத உறுப்புக்கு வைத்தியம் தேடுவோரும் உண்டு. எனவே பருத்தித் துணிக்குரிய 60 பாகைத் திட்டத்தை இட்டு, இருபது நிமிடம் கழித்துக் கதவின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தல் முதற் சோதனை. கண்ணாடிக்கு வெளியே பிளாத்திக்கு மூடி பொருத்திய இயந்திரங்களில் இச்சோதனை ஏமாற்றக்கூடும்.

கை சொல்லத் தயங்குவதை மின்மானி தயங்காது சொல்லும். வீட்டிலுள்ள மற்றக் கருவிகள் யாவற்றையும், குளிர்ப்பெட்டி உட்பட, சற்று நேரம் நிறுத்திவிட்டு, இயந்திரம் நீர் நிரப்பிச் சுழலத் தொடங்கிய பின் மின்மானியைப் பார்க்க வேண்டும். இலக்கமுறை மின்மானியில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுங்கும். ஓர் அலகுக்கு எத்தனை மினுக்கம் என்பது முகப்பிலேயே பொறித்திருக்கும். அது 1000 ஆயின், உருளையைச் சுழற்றும் மோட்டர் மட்டும் ஓடும்போது இருபது முப்பது விநாடிக்கு ஒருமுறை மினுங்கும். சுருள் சேர்ந்து எரியும்போதோ இரண்டு விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் விடாது மினுங்கும். பழைய வட்டுள்ள மின்மானியில் வட்டு விரைந்து சுழலத் தொடங்குவதே அடையாளம். ஓர் ஆணியைக்கூடக் கழற்றாமல், ஒரு சதமும் செலவின்றி, சுருளுக்கு மின் போகிறதா இல்லையா என்ற தலையாய கேள்விக்கு இங்ஙனம் விடை கிடைத்துவிடுகிறது.

மின் போகிறது, ஆயினும் சூடு போதவில்லை என்றால், குற்றம் பெரும்பாலும் வெப்பமுணரியில் இருக்கும். நீர் சுடுமுன்பே சுட்டுவிட்டதென்று அது பொய்ச்சாட்சி சொல்கிறது. இவ்விடத்தில் பரவலாக நிலவும் ஒரு தவறான கருத்தையும் நீக்க வேண்டும். சுருளின்மேற் சுண்ணாம்பு படிந்தால் நீர் மெதுவாகச் சுடும் என்று பலர் கூறுவர். நீரில் மூழ்கிய சுருள் உண்ட மின்சாரம் முழுவதும் வெப்பமாகி நீரையன்றி வேறெங்கும் செல்ல வழியில்லை. சுண்ணாம்பு அதனைத் தடுப்பதில்லை. சுருளின் உடலையே அளவுக்கு மீறிச் சுடவைத்து, அதன் ஆயுளைக் குறைக்கின்றது. சுண்ணாம்பு நீரைத் தாமதப்படுத்துவதன்று, சுருளைக் கொல்வது.

மின் போகவே இல்லையென்றால், நால்வரையும் ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டும். இதற்குமேல் இயந்திரத்தைத் திறந்தாக வேண்டும். ஆளியை நிறுத்துவது போதாது, செருகியைக் குதையிலிருந்து கழற்றிவிட்டு, பலகையிலுள்ள மின்கொள்ளளவிகள் வெறுமையாகச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். சுருளின் முனைகள் சில இயந்திரங்களில் முதுகுப்புறத்தும், சிலவற்றில் முன்புறத்தும் தொட்டியின் அடியில் தெரியும். இரண்டு முனைகள், நடுவே புவிக்கம்பியும் இறுக்கும் மரையாணியும். ஒரு முனையின் கம்பியையாவது கழற்றிய பின்னரே பல்மானியை வைத்தல் வேண்டும். இல்லாவிட்டால் மற்றச் சுற்றுகளின் தடையும் கலந்து கணக்கு பிழைக்கும். 2000 உவாற்றுச் சுருளின் தடை ஏறத்தாழ 26 ஓம். இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட அளவு காட்டினால் சுருளின் கம்பி அறாமல் உள்ளது. பல்மானி முடிவிலியைக் காட்டினால், ஒன்றில் கம்பி அறுந்தது, அல்லது சுருளுக்குள்ளேயே சில தயாரிப்பாளர் வைக்கும் உருகி உருகிவிட்டது. எதுவாயினும் புதுச் சுருளே மருந்து.

சுருள் நலமாயின், அதன் முனைகளில் மாட்டியுள்ள கம்பிச் செருகுகளை உற்றுப் பார்த்தல் நன்று. 9 அம்பியருக்குச் சற்றுக் குறைந்த மின்னோட்டம் நாள்தோறும் ஓடும் இடம் அது. பிடி தளர்ந்தால் சூடேறிக் கருகிவிடும். இதே காரணத்தால், பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர் வட்டக் குதையில் இடைச்செருகி ஒன்றைப் பொருத்தி இயந்திரத்தை ஓட்டும் வழக்கமும் கேடானது. குளிர்நீரில் வெளுக்கும்வரை அக்குதை பொறுத்துக்கொள்ளும். வெந்நீர்த் திட்டத்தில் உருகி நாறும்.

அமுக்க ஆளிக்கு நோய் எளிது, மருந்தும் எளிது. தொட்டியின் அடியிலிருந்து அதற்குச் செல்லும் மெல்லிய இறப்பர்க் குழாயில் சவர்க்காரக் கசடு அடைத்தால், நீர் நிரம்பியும் நிரம்பவில்லை என்று அது எண்ணிக்கொள்ளும். நீரின்றிச் சுருள் எரிந்தால் தொட்டியே உருகும் ஆதலால், ஐயம் உள்ளவரை பலகை சுருளை எரியவிடாது. குழாயைக் கழுவி மாட்டினாற் போதும். வெப்பமுணரி சூடேறச் சூடேறத் தடை குறையும் இயல்பினது. அதன் அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுவதால் ஓர் எண்ணை மனப்பாடம் செய்வதிற் பயனில்லை. கழற்றியெடுத்து வெந்நீர்க் கோப்பையில் அதன் நுனியை அமிழ்த்தும்போது தடை சீராக இறங்குகிறதா என்பதையே பார்க்க வேண்டும். எவ்வித அளவும் காட்டாது அறுந்துபோன உணரி, நீர் பனிபோலக் குளிர்ந்திருப்பதாகப் பலகைக்குத் தோன்றச் செய்யும். அதனை நம்பினால் சுருள் ஓயாது எரியும் என்பதனால், அத்தகைய அளவைப் பழுதென்றே கொண்டு வெப்பத்தை நிறுத்திவிடுமாறு பலகையை அமைத்துள்ளனர்.

இவர்கள் அனைவரும் குற்றமற்றவர் என்று தெரிந்தால் எஞ்சுவது பலகையும் அதன் றிலே ஆளியுமே. அதனை உறுதிப்படுத்த, இயந்திரம் ஓடும்போது சுருளின் முனைகளில் 230 வோற்று வருகிறதா என்று அளக்க வேண்டும். இவ்வொரு சோதனை பயிற்சி பெற்ற மின்வினைஞருக்கே உரியது. பலகை விலையுயர்ந்த உறுப்பு. அதனை முதலில் மாற்றிப் பார்த்துவிட்டுப் பின்னர் சுருளை அளப்போர் இருப்பதனாலேயே இவ்வரிசையை வற்புறுத்த வேண்டியுள்ளது.

மற்றொரு வகைப் பழுது உண்டு, அது அமைதியானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீரைத் தாங்கிக்கு ஏற்றிப் பயன்படுத்தும் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். இயந்திரத்தை 60 பாகையில் இட்டால், பத்து நிமிடத்துக்குள் வீட்டின் ட்றிப் சுவிச் விழுந்துவிடுகிறது. குளிர்நீர்த் திட்டத்தில் இட்டால் ஒரு குறையுமின்றி ஓடுகிறது. ஆகவே வீட்டார் குளிர்நீரிலேயே வெளுத்து வருகின்றனர், அணையாடை நாறுகிறது. அயலில் உள்ள ஒருவர், அந்தச் சுவிச்சைத் தவிர்த்து நேரே கம்பியிழுத்துத் தருவதாகச் சொல்கிறார்.

அவ்வீட்டார் தாம் அறியாமலே மிகச் சிறந்த சோதனை ஒன்றைச் செய்து முடித்துவிட்டனர். மோட்டரும் நீரிறைக்கும் பம்பியும் இரு திட்டங்களுக்கும் பொதுவானவை. வெந்நீர்த் திட்டத்தில் மட்டும் சேர்வது சுருள். குளிரில் நில்லாது ஓடி, சூட்டில் விழுந்தால், ஐயம் சுருளின்மேற் போகிறது. குழாயின் உலோகத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகி, அதன் வழியே நீர் புகுந்து, முன்னர்க் கூறிய மகனீசியம் ஒட்சைட்டை நனைத்துவிட்டது. நனைந்த தூள் மின்னை மறிக்காது. மின் குழாயின் உடலுக்கும், அங்கிருந்து புவிக்கம்பிக்கும் கசிகின்றது. சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் 30 மில்லி அம்பியர் அளவு வேறுபட்டால் சுற்றை அறுத்துவிடுவதே வீட்டு ட்றிப் சுவிச்சின் தொழில். அது பழுதாகவில்லை, தன் கடமையைச் செய்கின்றது.

அயலவரின் யோசனையின்படி அதனைத் தவிர்த்தால், மின் தொடர்ந்து கசியும். அதன்பின் உயிருக்குக் காவலாக எஞ்சுவது புவிக்கம்பி ஒன்றே. அக்கம்பி எங்கேனும் அறுந்திருந்தால், அல்லது முன்னொரு நாள் செருகியை மாற்றியவர் புவி முனையை இணையாது விட்டிருந்தால், இயந்திரத்தின் உருக்குடல் முழுவதும் மின்னேறி நிற்கும். நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று ஈரக்கையால் கதவைத் திறப்பவர் அந்த வீட்டின் தாய். அவருடைய உடலே அப்போது புவிக்கம்பியாகும்.

இத்தகைய கசிவைச் சாதாரண பல்மானி சில வேளைகளிற் காட்டாது விட்டுவிடும் என்பதையும் அறிதல் வேண்டும். பல்மானி அளப்பதற்குப் பயன்படுத்துவது சில வோற்று மாத்திரமே. அவ்வளவில் ஒளிந்திருக்கும் கசிவு 230 வோற்றில் வெளிப்படும். மின்வினைஞர் 500 வோற்றுக் காவலிச் சோதனைக் கருவியால் சுருளின் முனைக்கும் புவிக்கும் இடையே அளப்பர்; 1 மெகாஓமுக்கு மேற்பட்ட தடையையே அவர் எதிர்பார்ப்பார். மாரிகாலம் முழுவதும் ஓடாதிருந்த இயந்திரத்தில், வெடிப்பின்றியும் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம். அத்தகைய சுருள் உலர்ந்ததும் தேறிவிடும். இது அரிதாயினும், சுருளைத் தூக்கி எறியுமுன் எண்ணத்தக்கது.

யாழ்ப்பாணத்து வீட்டைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்தது. அதன் கிணற்று நீர் அப்பாறையின் இடுக்குகளில் தங்கி எழுவது. நீரிற் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று, சூடேறும்போது பிரிந்து கல்சியம் காபனேற்றாகப் படிகின்றது. நீரின் மிகச் சூடான இடம் சுருளின் மேற்பரப்பே ஆதலால், படிவும் அங்கேயே தடிக்கின்றது. உலோகத்தைவிடப் பன்மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும் இவ்வோட்டினுள் சுருள் புழுங்குகிறது. சூடேறி விரிந்தும் ஆறிச் சுருங்கியும் ஒருநாள் வெடிக்கிறது. சமையலறைக் கேத்தலின் உட்புறத்தை எட்டிப் பார்த்தால் சலவை இயந்திரத்தின் உட்புறத்தைப் பார்த்தது போலத்தான். அங்கே வெள்ளை ஓடு இருந்தால் இங்கேயும் உண்டு.

சித்திரிக்கமிலத் தூளை, இயந்திரத்தின் கைந்நூல் அனுமதிக்கும் அளவில் இட்டு, துணியின்றி வெந்நீர்த் திட்டத்தில் இடையிடையே ஓட்டுவதால் இப்படிவு கரையும். அவ்வேளையில் குளோரீன் கலந்த வெளிற்றும் நீரை அதனுடன் சேர்த்தல் ஆகாது. நச்சு வாயு எழும். வெடித்துவிட்ட சுருளுக்கு இவ்வைத்தியம் பயன்படாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலங்கடந்து அமிலம் இட்டுவிட்டு, சுருள் தேறவில்லையே என்று வருந்துவோர் பலர்.

புதுச் சுருளைப் பொருத்துகையில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். தொட்டிக்குள் சுருளின் நுனியைப் பிடித்துத் தாங்கும் பிடியொன்று உண்டு. நுனி அதற்குள் நுழையாமல் மேலே நின்றால், உருளை சுழலும்போது அதனை உராயும். கையால் உருளையைச் சுற்றிப் பார்த்து உராய்வு ஒலி இல்லையெனத் தெரிந்த பின்னரே மூட வேண்டும். மற்றது, நடு மரையாணி. அதனை இறுக்கும்போது இறப்பர் அடைப்பு விரிந்து நீரை மறிக்கும். தளர்ந்தால் ஒழுகும், மிகையாக இறுக்கினால் அடைப்பு பிதுங்கி அப்போதும் ஒழுகும். புவிக்கம்பியை மீண்டும் மாட்ட மறப்பவர் இதுவரை கூறிய யாவற்றையும் வீணாக்கியவர் ஆவார்.

எண்ணிப் பார்த்த அந்த வீட்டில், புதுச் சுருள் பொருத்திய பின், ட்றிப் சுவிச் இருந்தபடியே இருக்க, 60 பாகைத் திட்டம் தொடங்குகிறது. மின்மானியின் சிவப்பு விளக்கு விரைந்து மினுங்குகிறது. பத்து நிமிடம் கழிகிறது, சுவிச் விழவில்லை. இருபதாவது நிமிடத்தில் கதவின் கண்ணாடியைத் தொட்ட பாட்டி கையை விரைந்து எடுத்துக்கொள்கிறார். மேசைமேற் கிடக்கும் பழைய சுருளில், உதிர்ந்த வெள்ளை ஓட்டுக்கு அடியில், வளைவின் ஓரமாக ஒரு கறுத்த கோடு தெரிகிறது.